தாகமுள்ள கொங்கிரீட்

கேள்வி: பெருமழை வந்தால் அக்குறணை டவுன் கடைகளுக்குள் வெள்ளம். தண்ணீரை உறிஞ்சும் நுண்துளைக் கொங்கிரீட்டை வீதி முழுக்கப் போட்டால் தீராதா?
– வாசகர், அக்குறணை

பதில்: அதற்குத் தாகம் அதிகம்தான். மணலைக் கிட்டத்தட்ட விலக்கிவிட்டு, ஒரே அளவுக் கருங்கல் துண்டுகளைச் சீமெந்துப் பசையால் ஒட்டுவார்கள். நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வெற்றிடம். வாளித் தண்ணீரை ஊற்றினால் தேங்காமல் இறங்கிவிடும். ஆனால் ஓட்டை கூடினால் பலம் குறையும். டவுன் வழியே போகும் ஏ9 வீதியின் லொறிகளுக்குச் சரிவராது. சேறு படிந்தால் துளைகளும் அடைபடும். அதைவிட, கடைக்குள் வருவது வானத்துத் தண்ணீர் மட்டுமல்ல. கரைமீறும் பிங்கா ஓயா ஆறும்தான். ஆற்றையே குடிக்க எந்தக் கொங்கிரீட்டுக்கும் வயிறில்லை. வாகனத் தரிப்பிடத்துக்கும் முற்றத்துக்கும் அதைப் போடுங்கள். ஓயாவுக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுங்கள்.