சாக்லேட் ஆன்ட்டி

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவராவது சாக்லேட் ஆன்ட்டி இருப்பார். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு தலைகாட்டி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று உச்சத்துக்குப் போய், பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கும்போது ஓய்ந்துவிடுவார். அவர் முறுக்கு பிழிவதில்லை. அதை மாமியார் பிழிகிறார், நாலு பேர் காதில் விழும்படி பெருமூச்சு விட்டுக்கொண்டு.

ஆரம்பம் எல்லோருக்கும் காம்பவுண்டுதான். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் கட்டிக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. உருக்கி அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் தானே இறுகும். யார் செய்தாலும் வரும். ஆன்ட்டிக்கு அதில் இருக்கும் ஒரே மனக்குறையும் அதுதான். அடுத்த ஆண்டே ‘ரியல் சாக்லேட்’டுக்கு மாறிவிடுவார். அதன்பின் காம்பவுண்டு வாங்குபவர்களைக் கடையில் பார்த்தால் இரக்கத்தோடு சிரிப்பார்.

ரியல் சாக்லேட்டுக்கு டெம்பரிங் வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும், உடைக்கும்போது ‘டக்’கென்ற ஓசையையும் தரும். அதைப் பிடிக்க, டார்க் சாக்லேட்டை 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 27-28க்கு இறக்கி, மறுபடி 31-32க்கு ஏற்ற வேண்டும். ஐப்பசிப் புழுக்கத்தில் சமையலறையே 31 டிகிரியில் இருக்கும்போது எங்கிருந்து இறக்குவது? பல வீடுகளில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். ஆகவே சாக்லேட் படுக்கையறையில் தயாராகிறது. மெத்தை சுவரில் சாய்த்து நிறுத்தப்படும், கணவர் ஹாலுக்கு மாற்றப்படுவார். “ஏங்க, கதவத் திறந்து திறந்து மூடாதீங்க, டெம்பர் போயிடும்” என்று உள்ளேயிருந்து குரல் வரும். எந்த டெம்பர் என்று அவர் கேட்பதில்லை.

இந்தக் காலத்தில் ஆன்ட்டியின் கையில் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று எந்நேரமும் இருக்கும். சாக்லேட்டைப் பார்த்த கையோடு சாம்பார், காலை நாளிதழ், வாசலில் நிற்கும் கூரியர் பையன் என்று எல்லாவற்றின் சூட்டையும் பார்த்துவிடுவார்.

வண்ணம் தீட்டுவதுதான் இந்தக் கலையின் சிகரம். கேசரிக்குப் போடும் நிறம் இதற்கு ஆகாது. நீர் கலந்த எதுவும் ஒரு சொட்டு பட்டால் உருகிய சாக்லேட் திரிந்து கெட்டியாகிவிடும். நிறம் கலந்த கோகோ வெண்ணெயைத்தான் பூச வேண்டும், அதுவும் காலி அச்சின் உட்புறத்தில், தலைகீழ் வரிசையில். வெளியே எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை முதலில் வைக்க வேண்டும்: கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முதலில் கண், பிறகு கன்னம், பிறகு தாடி, கடைசியாகப் பின்னணிக்கு வெள்ளை. வெள்ளையை விட்டுவிட்டால் டார்க் சாக்லேட் எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் அவர்கள் கண் வைக்க மறந்ததாகத் தெரியவில்லை. ஆன்ட்டியின் முதல் ஈட்டில் கண்ணில்லாத தாத்தாக்கள் ஒரு தட்டு நிறைய வருவார்கள். அவை வீட்டுப் பிள்ளைகளுக்கு.

வண்ணம் காய்ந்ததும் சாக்லேட்டை ஊற்றி, குமிழி போக அச்சைத் தட்ட வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார், அவருக்கும் ஒரு பெட்டி உறுதியாகும். பிறகு அச்சைக் கவிழ்த்து மிச்சத்தை வடித்து, ஓட்டுக்குள் குல்கந்தோ ஃபில்டர் காபி கலந்த கனாஷ் என்ற சாக்லேட்-கிரீம் கலவையோ நிரப்பி, மேலே சாக்லேட்டால் மூட வேண்டும். சரியாக டெம்பர் ஆன சாக்லேட் இறுகும்போது சுருங்கும், அச்சைக் கவிழ்த்தால் தானாக விழும். சரியாக ஆகாதது வண்ணத்தை அச்சிலேயே விட்டுவிட்டு மொட்டையாக விழும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாரும் சாப்பாடு ரெடியா என்று கேட்கக் கூடாது.

அச்சுகளின் விலையையும் ஏசி ஓடிய மணி நேரத்தையும் கூட்டி, ஒரு சாக்லேட் என்ன விலை ஆகிறது என்று கணவர் மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பார். வெளியே சொல்ல மாட்டார், விவரமானவர்.

விநியோகத்தில்தான் ஆன்ட்டிக்கு உண்மையான சோதனை. தீபாவளிக்குச் செய்த பிள்ளையாரை மாமியார் கையில் வாங்கி, “சாமியோட தும்பிக்கையப் போய் யாராவது கடிப்பாங்களாம்மா?” என்று பூஜை அலமாரியில் வைத்துவிடுவார். மூன்றாம் நாள் அங்கே எறும்பு வரிசை. எதிர்வீட்டுப் பெண், “கடையில வாங்கின மாதிரியே இருக்கு ஆன்ட்டி” என்பாள். அது பாராட்டா அவமானமா என்று ஆன்ட்டி அன்று முழுக்க யோசிப்பார். “சாப்பிடவே மனசு வரல” என்று பெட்டியை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இன்னொரு ரகம். அதை வெளியே எடுத்ததும் ஈரம் வேர்க்கும், சர்க்கரை கரைந்து மேலே வெள்ளையாகப் படியும். உடனே போன்: “அக்கா, பூஞ்சை பிடிச்சிருக்கே!” பூஞ்சை இல்லை, சர்க்கரைதான், தாராளமாகச் சாப்பிடலாம் என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டுப் போனை வைப்பார்.

சாக்லேட் ஆன்ட்டியிடமிருந்து பெட்டி கிடைத்தவர்கள் முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு அன்றிரவே தின்று தீர்த்துவிட வேண்டும். அச்சை மட்டும் இரவல் கேட்கவே கூடாது.