ஒற்றைப் புள்ளடி

முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியார். ஆகவே இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய இரண்டு கிழமையும் எங்கள் ஒழுங்கையில் விருப்பு வாக்கு வகுப்பு நடத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

"பிரான்சிலை மாதிரி இரண்டு கிழமை கழிச்சுத் திரும்பவும் போய் நிக்கத் தேவையில்லை. இரண்டாம் சுற்று இந்தச் சீட்டுக்குள்ளையே கிடக்கு. ஒருத்தரும் பாதிக்கு மேலை எடுக்காட்டில், முதல் இரண்டு பேரையும் வைச்சுக்கொண்டு மிச்சப்பேரைக் கழிப்பாங்கள். கழிபட்ட ஆளுக்குப் போட்ட சீட்டிலை 2, 3 ஆருக்கெண்டு பார்த்து, அந்த இரண்டு பேரிலை ஒருத்தர் இருந்தால் அவருக்குக் கூட்டுவாங்கள்."

"இதுவரைக்கும் அப்பிடி எண்ணினவையோ, மாஸ்டர்?" என்றான் முன்வீட்டுப் பெடியன்.

இல்லை. 1982 தொடக்கம் எட்டுத் தேர்தல், ஒருமுறையும் தேவைப்படவில்லை. 2005இல் மகிந்த 50.29 வீதத்தோடு மயிரிழையில் தாண்டினார். "ஆனபடியால் இந்த முறையும் வராது" என்று தீர்ப்பும் சொன்னேன். பிறகு ஏன் இத்தனை நாள் வகுப்பு என்று அவன் கேட்கவில்லை. நல்ல பெடியன்.

செப்டெம்பர் 21. நான் படிப்பித்த பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. சீட்டைத் தந்தவன் என் பழைய மாணவன். 39 பெயர் கொண்ட அந்தச் சீட்டு, கலியாணச் சாமான் பட்டியல்போல் நீண்டு கிடந்தது. அதில் ஒருவர் வேட்புமனுவுக்குப் பிறகு இறந்தே போயிருந்தார். அட்டை மறைப்புக்குள் குனிந்து, நான் தேடியவரின் சின்னத்தைக் கண்டதும் கை தன்பாட்டில் ஒரு புள்ளடி போட்டது. முப்பத்தைந்து வருடம் பிழை போட்டுப் பழகின கை அது. 1 என்று எழுத அதற்கு எங்கே வரும்?

போட்ட பிறகுதான் 2உம் 3உம் ஞாபகம் வந்தன. "புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்காதேங்கோ" என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னவன் நான். வேறு சீட்டுக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மாணவனைத்தான் ஒருகாலத்தில் 'கவனயீனம்' என்று வாங்கின் மேல் ஏற்றிவிட்டிருந்தேன். சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றிரவு ஊரடங்கு. மறுநாள் அனுர 42.31 வீதம், சஜித் 32.76 என்று வந்து நின்றது. ஒருவரும் பாதியைத் தொடவில்லை. ரணில் உட்பட மற்ற எல்லாரும் கழிபட, சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை தொடங்கியது. முன்வீட்டுப் பெடியன் மதிலுக்கு மேலால் எட்டி, "மாஸ்டர், வந்திட்டுது!" என்றான். நான் கிணற்றடியில் வேலை இருப்பதுபோல் அங்கால் போய்விட்டேன்.

நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். அவர் முதல் இருவரில் ஒருவரல்ல, அவ்வளவும் போதும். எங்கேயோ ஒரு மண்டபத்தில் என் சீட்டைத் திரும்ப எடுத்து, அதில் ஒன்றும் இல்லையென்று ஓர் ஆள் ஒதுக்கி வைத்திருக்கும்.

பிறகு முடிவுகளைக் கொப்பியில் கழித்துப் பார்த்தேன். கழிபட்டவர்களின் வாக்கு 33 இலட்சத்துக்கு மேல். அதில் அனுரவுக்குச் சேர்ந்தது 1,05,264. சஜித்துக்கு 1,67,867. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேல் ஒருவரிடமும் போய்ச் சேரவில்லை. அத்தனை பேர் துணைக்கு இருக்கிறார்கள் என்று கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர்களில் எத்தனை பேர் வகுப்பு நடத்தியிருப்பார்கள்?

பின்னேரம் அனுர வென்றதாக அறிவித்தார்கள். வித்தியாசம் 12 இலட்சம். மனுசி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தா.

"நீங்கள் சொல்லித் தந்தமாதிரியே 1, 2, 3 போட்டனான். என்ரையும் எண்ணுப்பட்டிருக்கும், என்ன?"

"ஓம்."

"உங்கடையும்தானே?"

தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றேன்.