கொண்டெயினர் மாமா

ஒருவர் நிரந்தரமாக ஊர் திரும்பப்போகிறார் என்றால், மன்னாரில் அவருக்கு முன்னால் அவருடைய சாமான் பட்டியல் வந்து சேர்ந்துவிடும். ரொறொன்ரோவில் பெட்டி கட்டி முடியவில்லை. பேசாலையில் எந்தப் பிரிட்ஜ் எந்தத் தங்கைக்கு என்ற வழக்கு தொடங்கியிருக்கும். இவரைக் கொண்டெயினர் மாமா என்றே அழைப்போம். அறுபதைத் தாண்டியவர், பென்சன் எடுத்தவர், பிள்ளைகள் ‘நீங்கள் போங்கோ அப்பா’ என்று அன்போடு வழியனுப்பி வைத்தவர். கனடாவிலிருந்தும் வருவார், லண்டனிலிருந்தும் வருவார். வளைகுடாவில் வேலைசெய்யும் இவருடைய இளைய வடிவம், ஆறு மாதத்துக்கு ஒரு கார்ட்டன் வீதம் கார்கோவில் போட்டு ஊரைத் தவணை முறையில் பழக்கிவிடுவதால் இந்தக் கணக்கில் சேராது. மாமா மொத்தமாக, ஒரே கப்பலில், இருபதடி இரும்புப் பெட்டியோடு வருகிறவர். பவுசு காட்டவே இத்தனையும் கொண்டுவருகிறார் என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சாமான் கட்டியது இன்றைய மன்னாருக்கு அல்ல. தாம் விட்டுப்போன நாளின் மன்னாருக்கு. அவருக்கும் சுங்கத் திணைக்களத்துக்கும் நடக்கும் சண்டை முழுவதும், இருவர் கையிலும் வேறு வேறு ஆண்டுக் கலண்டர் இருப்பதால் வருவதுதான்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். மாமா போனது 1990இல். அந்த ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. தலைமன்னார் ரயில் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் உடைந்தது. வடக்கின் பெரும்பகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்து, பற்றரியும் மெழுகுதிரியும் சவர்க்காரமும் சோதனைச்சாவடியில் பறிபோகும் பொருள்களாயின. இன்று அந்தக் கொண்டெயினரில் என்ன இருக்கிறது? பற்றரி ஒரு பெட்டி, மெழுகுதிரி ஒரு பெட்டி, சவர்க்காரம் ஆறு டசின், பெரிய ரோச் லைற்றுகள், இவற்றுக்கெல்லாம் தலைவனாக ஒரு ஜெனரேற்றர். புதிய பாலம் 2010இல் திறந்தாயிற்று. 2015 மார்ச் 14 முதல் ரயில் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் மறுபடி ஓடுகிறது. தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பது நிற்கின்றன, 103.5 மெகாவாற். அந்த முப்பதும் கைவீசிக்கொண்டிருக்க, மாமாவின் ஜெனரேற்றர் லொறியில் ஊருக்குள் நுழைகிறது. பட்டினத்துச் சந்தியில் கழுதைகள் வழிவிடும்வரை லொறி நிற்கும். அரபு வணிகரின் பொதி சுமக்க வந்ததாகச் சொல்லப்படும் இனம் அது. இறக்குமதிச் சாமான் ஊருக்குள் போவதை மேற்பார்வை பார்க்க அவற்றுக்கு உரிமை உண்டு.

மின்சாரச் சாமான்களின் கதை இன்னும் சுவையானது. கனடாவில் 120 வோல்ற், 60 சுற்று. இங்கே 230 வோல்ற், 50 சுற்று. ஆகவே கனடா மாமாவின் வோஷிங் மெசினுக்கு ஒரு றான்ஸ்போமர் வேண்டும். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். றான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்குமே தவிரச் சுற்றைக் கூட்டாது. அதனால் அவர் ஆசையோடு கொண்டுவந்த, சுவர் மின்சாரத்தின் சுற்றை எண்ணி ஓடும் பழைய மணிக்கூடு, மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. லண்டன் மாமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய மூன்று சதுரக் காலுள்ள பிளக் இங்கேயும் இப்போது பொருந்திவிடும். அந்த ஒரு பொருத்தத்தை வைத்துக்கொண்டு, கோயில் திருவிழாவில் கனடாக்காரரைக் கண்டால் அவர் காட்டும் பெருந்தன்மை இருக்கிறதே, அதற்குத்தான் தீர்வை விதித்திருக்க வேண்டும்.

இனிக் கொழும்புக்கு வருவோம். மாமா அஞ்சுவது சுங்கத்துக்கு. அவர் பணத்தைத் தின்பது பெரும்பாலும் தாமதம். வெளிநாட்டில் எத்தனை காலம் இருந்தார், சாமான் பாவித்ததா புதியதா, வீட்டுத் தேவைக்கா விற்பனைக்கா என்பவைதான் அங்கே கேள்விகள். ஒன்று இருந்தால் பாவனை. ஒரே மாதிரி நான்கு இருந்தால் வியாபாரம் என்று உத்தியோகத்தர் நினைப்பதில் குற்றமில்லை. நான்கு றைஸ் குக்கரும் நான்கு தங்கைமாருக்கு என்பதைக் குடும்ப மரம் வரைந்து காட்டினால்தான் விளங்கும். மாமாவிடம் இரண்டு விலைப்பட்டியல் உண்டு. சுங்கத்தில், “எல்லாம் பழசு சேர், எறியக் கிடந்த சாமான்.” அதே பெட்டி வீட்டு முற்றத்தில் இறங்கியதும், “இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கேல்லை, புத்தம் புதுசு.” ஒரு குக்கரின் தீர்வைக்காக அவர் மூன்று நாள் வாதாடுவார், அந்த மூன்று நாளும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும், வாஃப் கிளாக் மட்டும் பதற்றமே இல்லாமல் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார். உத்தியோகத்தரை உண்மையில் கலங்கவைப்பது விலை அல்ல, குளிர்கால ஜக்கெற்றுகள். மன்னாருக்குப் போகும் ஏழு ஜக்கெற். ஒரு மனிதன் காரணமில்லாமல் இதைச் செய்வானா? உள்ளே எதையோ வைத்துத் தைத்திருக்கிறான் என்று அவர் துணியைத் தடவித் தடவிப் பார்க்கிறார். அறிவுள்ள எந்த அதிகாரியும் அப்படித்தான் சந்தேகப்படுவார். உள்ளே பஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரியும்போது அவருடைய குழப்பம் கூடுகிறது.

இந்த மாமாவை இந்தக் காலத்துப் பிறவி என்று எண்ண வேண்டாம். மன்னாரின் பழந்துறைமுகமான மாந்தையைத் தோண்டியவர்கள் சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமுமாக அள்ளினார்கள். பிறநாட்டுப் பாத்திரம் மன்னார் மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். தலைமன்னார் இறங்குதுறையோ 1914 முதல் சாமான் பெட்டிகளையே பார்த்து வளர்ந்தது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி இந்தியா ஏற்கவிருந்த 5,25,000 மலையகத் தமிழரில் பெருந்தொகையானோர் பெட்டியோடு கடந்தது இந்தத் துறையைத்தான். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை அதில் ஒப்புக்கொண்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டது அரசு; மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க ஒருவரும் இல்லாததால்தான் அவர் எல்லாவற்றையும் எடுக்கிறார்.

‘எல்லாவற்றையும் இழந்து போனவன் எதைக் கொண்டுவந்தாலும் நையாண்டி செய்யலாமா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990இல் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரம் போனவர்கள் கையில் ஒரு பைதான் இருந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் புலிகள் வெளியேற்றிய எருக்கலம்பிட்டி, தாராபுர முஸ்லிம்களுக்கு அதுகூடச் சரியாக வாய்க்கவில்லை. ஆனால் அவர்கள் திரும்பியபோது கொண்டுவந்ததைப் பாருங்கள். தமிழ்நாட்டு முகாமிலிருந்து விமானத்தில் வந்தவர் பயணப்பொதி நிறைக்குள் அடங்கினார். அவர் கவலை பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும். வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கியிருந்து வந்தவர் காட்டை வெட்டித் தன் வளவின் எல்லையைத் தேடினார். முழுவதும் இழந்தவருக்கு இங்கே எது இல்லையென்று நன்றாகத் தெரியும். பாண் சுடும் மெசின் மாமாவிடமிருந்துதான் வரும்.

‘வெளிநாட்டுச் சாமான் உழைக்கும்’ என்பது அடுத்த வாதம். மன்னார்க் காற்றிலுள்ள உப்புக்குக் கொம்பனிப் பெயர் வாசிக்கத் தெரியாது. துருப்பிடித்த மெசினுக்கு மாற்றுப்பாகம் ரொறொன்ரோவில்தான் இருக்கும். இவற்றைவிடக் கனமான மறுப்பு 2022. அந்த ஆண்டு காஸ் இல்லை, பால்மா இல்லை, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. மெழுகுதிரி மாமா ஒரே இரவில் தீர்க்கதரிசியானார். 1990 திரும்பி வரும் என்று அவர் சொன்னது சரிதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜெனரேற்றர் மட்டும் ஓடவில்லை. பெற்றோல் வரிசையில் இருந்தது.

ஆகவே, இப்போது எங்கேயாவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மாமாமாருக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை ஊரிலுள்ள மருமகனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவன் சிரிக்கும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். ஜக்கெற்றுகளை இந்த மாரியில் அங்கே புதிதாக வந்திறங்கிய பெடியனுக்குக் கொடுங்கள். படங்களையும் புத்தகங்களையும், கை பழகிய தொழிற்கருவியையும் தயங்காமல் கொண்டுவாருங்கள். பட்டியலில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், டெமரேஜ் மிஞ்சும். சவர்க்காரம் வேண்டாம். பேசாலைக் கடையில் இருக்கிறது.