பீஸ் ரேட்டுக்கு அகப்படாத பீஸ்

வா பேராண்டி, திண்ணையில உட்காரு. முகத்தைப் பார்த்தா ஐப்பசி மழையில நனைஞ்ச சரவெடி மாதிரி இருக்கு. லெந்து நாள் நாப்பதும் உபவாசம் இருந்தே, கறிக்கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை, சங்கக் காணிக்கையில ஒரு பைசா பாக்கியில்லை. அப்படியும் ராத்திரி தூக்கம் வரலைங்கறே. ஆண்டவரோட எனக்குச் சமாதானம் இருக்கா இல்லையான்னு என்கிட்ட வந்து கேட்கறே. நான் என்ன ஐயரா? தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை எண்ணிக் கண்ணு பூத்துப்போன கணக்கப்பிள்ளை. (மதுரையில இருந்து வந்த உன் பெண்டாட்டி, வேதக்கோயில்ல போதகரைத்தான் ஐயர்ங்கறோம்னு தெரியாம முதல் ஞாயித்துக்கிழமை முழிச்சது ஞாபகம் இருக்கா?)

ஆனா உன் வியாதி எனக்குத் தெரியும்டா. நம்ம சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் படிச்சுட்டு வந்து நூறு வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து இந்தக் கரிசக்காட்டுல எண்ணாத விரலே கிடையாது. இத்தனை கட்டை அடுக்கினா இத்தனை ரூபாய், இத்தனை குரோஸ் சுத்தினா இத்தனை. பீஸ் ரேட்டு. அதையே தூக்கிட்டு நீ கோயிலுக்கும் போறே. மூணு ஜெபக்கூட்டம், ரெண்டு உபவாசம், கோயில் அசன விருந்துக்கு ஒரு மூட்டை அரிசி. ஆண்டவரே, என் பீஸை எண்ணிக்கிட்டு உம்ம பீஸைக் கொடும்! இங்கிலீஷ்ல உருப்படிக்கும் சமாதானத்துக்கும் சத்தம் ஒண்ணு, எழுத்துதான் வேறயாம். உன் தங்கச்சி சொன்னா.

பவுல் ரோமாபுரிக்காரங்களுக்கு எழுதின கடுதாசியில அஞ்சாம் அதிகாரத்தை எடு. முதல் வரியிலேயே ஆளு கணக்கை முடிச்சுட்டாரு. விசுவாசத்தால நீ நீதிமான்னு தீர்ப்பாயாச்சு, அதனால கர்த்தர் மூலமாத் தேவனோட உனக்குச் சமாதானமும் ஆயாச்சுங்கறாரு. இனிமே ஆகும்னு சொல்லலை. இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்குன்னு பழைய ஐயர் ஒருத்தர் சொன்னாரு. கிரேக்கத்துல அந்த வார்த்தையில ஒரே ஒரு எழுத்து குறிலா நெடிலான்னு தகராறாம். ஒகரம்னா சமாதானம் நம்மகிட்ட இருக்கு. ஓகாரம்னா சமாதானத்தோட இருப்போம், வாங்க. பழைய ஏடுகள் பலதுல நெடில்தானாம். சரி, நெடிலாவே இருக்கட்டும். பந்தியில உட்காருங்கன்னு கூப்பிடறதும் கூலிக்கு ஆள் கூப்பிடறதும் ஒண்ணாலே?

உடனே யாக்கோபைத் தூக்கிட்டு வருவே, கிரியையில்லாத விசுவாசம் செத்ததாச்சேன்னு. உன்னை மாதிரியே கணக்குப் பார்த்து, உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கிட்ட துறவி ஒருத்தர் ஜெர்மனியில இருந்தாரு, மார்ட்டின் லூத்தர்னு. பவுலைப் படிச்சு மூச்சு வந்த ஜோருல, அந்த யாக்கோபு நிருபத்தை வைக்கோல்னு 1522ல எழுதிப்புட்டாரு. வைக்கோலோட அருமை மாடு வளர்க்கற நமக்குல்ல தெரியும். அசனத்துல சாப்பிட்டவன் எழுந்திருச்சு அண்டா கழுவுவான், அது கிரியை. அண்டா கழுவினாத்தான் இலைபோடுவோம்னு எந்த ஊர் அசனத்துலயாவது பார்த்திருக்கியா?

இப்ப அடுத்த சந்தேகத்துக்கு வாயைத் திறக்கறே. என் விசுவாசம் பத்துமா தாத்தா, அதானே? ஆக, விசுவாசத்தையும் குரோஸ்ல போட்டுட்டே. நீ பட்டாசு ஆபீஸ்ல சூப்ரவைசர். மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால வாசல்ல செம்புத் தகட்டைத் தொடறீங்க. உடம்புல ஏறின கரண்டு மண்ணுக்குள்ள போயிருது. அழுத்தித் தொட்டவனுக்கு அதிகமாவும், நடுங்கிக்கிட்டே தொட்டவனுக்குக் கம்மியாவுமா இறங்குது? வேலை செய்யறது தகடும் அதுக்குக் கீழ புதைச்ச கம்பியும். கையோட பலமாலே? நீ என்னடான்னா தகட்டைத் தொட்டுட்டு விரலையே பார்த்துக்கிட்டு நிக்கறே.

கணக்குன்னதும் ஒரு வெள்ளைக்காரர் ஞாபகம் வருது. தாமஸ் ரேக்லண்ட். கேம்பிரிட்ஜ்ல 1841ஆம் வருஷக் கணக்குப் பரீட்சையில நாலாவதா வந்த மூளை. அங்கேயே காலேஜ்ல சுகமா உட்கார்ந்திருக்கலாம். மெட்ராஸுக்கு வந்து சி.எம்.எஸ். மிஷன்ல காரியதரிசியா இருந்தாரு. அதுவும் நிழல் உத்தியோகம்தான். அதையும் விட்டுட்டு 1854ல இந்த வடதிருநெல்வேலிச் சீமைக்கு வந்து, கூடாரம் அடிச்சு ஊர் ஊரா அலைஞ்சாரு. நம்ம வெயிலுக்குக் கூடாரம்! தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்களோட சொந்தக் காசுலயே உபதேசிமாரை முறைபோட்டு அனுப்பிச்சாங்க. வெள்ளைக்காரன் மட்டும் இழுத்த தேர் இல்லைலே அது.

1858 அக்டோபர் 22, இதே சிவகாசியில ரத்தக்குழாய் வெடிச்சு ஆளு போயிட்டாரு. வயசு நாப்பத்து மூணு. இருந்தவரைக்கும் இந்தப் பக்கத்துல சபையில வந்து சேர்ந்த தலைகள் சொற்பம். சாட்சியாபுரம், பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால வந்தது. உன் பீஸ் ரேட்டுப்படி அந்த மனுசனுக்கு என்ன கூலி போடுவே, சொல்லு? நானா இருந்தா அன்னைக்கு நோட்டுல சைபர் போட்டிருப்பேன். அம்புட்டுக் கணக்குப் படிச்சவர், எண்ணிக்காட்ட ஒண்ணுமில்லாத இடத்துல நாலு வருஷம் இருந்தாரே, எதை நம்பி இருந்திருப்பாருன்னு நினைக்கறே?

அதே 1858லதான் நம்ம கிருஷ்ண பிள்ளை, திருநெல்வேலி வைஷ்ணவர், ஞானஸ்நானம் எடுத்தாரு. பின்னால ஜான் பனியன்ங்கற இங்கிலீஷ்காரர் எழுதின மோட்ச யாத்திரைக் கதையை இரட்சணிய யாத்திரிகம்னு காவியமாப் பாடினாரு. அதுல மூட்டை சுமந்து வர்றவனுக்குச் சிலுவைகிட்ட மூட்டை கழண்டு விழுது. விழுந்த மூட்டையைத் தராசுல வச்சு, எத்தனை கிலோ இறங்குச்சுன்னு அவன் பார்க்கலை. நீயா இருந்தா ரசீது கேட்டிருப்பே.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில உட்கார்ந்து என்னதான் பார்க்கறே? 1947ல நம்ம சபை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆனதுக்கப்புறம் பெரியவங்க உட்கார்ந்து எழுதின நற்கருணை முறைமை இருக்கே, அதுல பாவ அறிக்கை முதல்ல. நடுவுல வசனம், பிரசங்கம். அப்புறம் கைக்குள்ள கை வச்சுச் சமாதானம் கொடுக்கறது, பீடத்துல இருந்து பெஞ்சு பெஞ்சா இறங்கி வரும். காணிக்கைப் பை அதுக்குப் பிறகுதான் கிளம்பும். காசை வாங்கிட்டுச் சமாதானத்தைக் கொடுக்கறதுன்னா பையை முதல்லயே விட்டிருக்க மாட்டாங்களா? சமாதானம் கைக்கு வர்ற நேரத்துல, நீ கவரைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவிக்கிட்டு இருக்கே. பின்பெஞ்சுல இருந்து எனக்கு எல்லாம் தெரியும்.

அதுமட்டுமா தெரியும்? சித்தப்பனோட வந்த கிணத்துப் பங்குத் தகராறுக்குப் பிறகு நீ முன்பெஞ்சை விட்டு மூணாவது பெஞ்சுக்கு நகர்ந்ததும் தெரியும். மேல இருந்து வர்ற சமாதானம் உன் சித்தப்பன் கைவரைக்கும் வந்து, அங்கேயே திகைச்சு நிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை அவனுக்கு அடுத்தாப்புல போய் உட்காரு. கையில மருந்து வாடை அடிக்குது, சோப்புப் போட்டும் போகலைன்னு சாக்குச் சொல்லாதே. அவன் கையிலயும் அதே வாடைதான்.