ஆறு டயர் ஆலோசகர்

ஆறு டயர் ஆலோசகர் என்பவர், தாம் வாங்கப்போகாத வண்டிக்குப் பின்னால் எத்தனை டயர் இருக்க வேண்டும் என்பதைப் பிறருக்குச் சொல்பவர். காவிரிப் படுகையில் அநேகமாக எல்லா ஊரிலும் இவர் உண்டு. சுவாமிமலையில் இருப்பவருக்குச் சில வசதிகள் கூடுதல். கும்பகோணம் பக்கத்திலேயே இருப்பதால் ஷோரூம் நிலவரம் அன்றைக்கன்றே காதுக்கு வந்துவிடும். நெல், வைக்கோல், கரும்பு, வாழைத்தார், செங்கல், பஞ்சலோகச் சிலை என்று ஏற்றுவதற்கான சரக்கும் பலவகை.

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் லாரியில் கிளீனராகப் போயிருப்பார். அல்லது லாரி ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்திருப்பார். இரண்டும் இல்லாதவர்களும் இத்தொழிலில் உண்டு. அவர்களுக்குத் தன்னம்பிக்கை இன்னும் அதிகம். உட்காருமிடம் பஞ்சர் கடை வாசல் பெஞ்சு. கடைக்காரருக்கும் இவருக்கும் பணப் பரிமாற்றம் எதுவும் கிடையாது. சொந்த வாகனம் டிவிஎஸ் எக்ஸ்எல். அதற்குப் பின்னால் ஒரே ஒரு சக்கரம்தான். அதன்மேல் இரண்டு புல்லுக்கட்டும் ஒரு தவிட்டு மூட்டையும் தினமும் போய் வருகின்றன. இதை யாராவது சுட்டிக்காட்டினால், “அது வேற கணக்கு” என்பார்.

அவரிடம் வருகிற வழக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: நாலு டயரா, ஆறு டயரா? நாலு டயர் என்றால் பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்று. 2005-ல் வந்து, வந்த வேகத்தில் குட்டி யானை என்று பெயர் வாங்கிக்கொண்ட டாட்டா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்தப் பக்கம். ஆறு டயர் என்றால் பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டு. 1986-ல் வந்த டாட்டா 407 இதில் மூத்தது. அதற்கு மேல் ஈச்சர், அதற்கும் மேல் பெரிய லாரிகள். அறுவடைப் பருவத்தில் நெல் மூட்டையும் மற்ற மாதங்களில் கிடைத்ததும் ஏற்றிப் பிழைக்கலாம் என்று நினைக்கிற இளைஞர், இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றபடி பெஞ்சுக்கு வருவார். ஆலோசனை இப்படித் தொடங்கும்:

“மாமா, ஒரு யோசனை கேக்கணும். நாலு டயர் எடுக்கலாமா, ஆறு டயர் எடுக்கலாமா?”

“அட்வான்ஸ் குடுத்தாச்சா?”

“டோக்கன் மட்டும் போட்டிருக்கேன் மாமா.”

“எதுக்கு?”

“நாலு டயருக்கு.”

“அப்ப நாலு டயருதான் நல்ல வண்டி. உக்காரு தம்பி, டீ சொல்லு.”

இதைச் சந்தர்ப்பவாதம் என்று எடுத்துக்கொள்வது அவசரம். பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஊரில் எவரும் யோசனை கேட்பதில்லை என்பது அவர் நெடுநாள் அனுபவத்தில் கண்டது. கேட்க வருகிறவருக்கு வேண்டியது முடிவு அல்ல. முடிவை வீட்டில் சொல்வதற்கான காரணங்கள். ஆகவே ஆலோசகர் இரண்டு பக்கத்துக்கும் காரணங்களைத் தயாராக வைத்திருப்பார். இரண்டு பக்கத்துக் காரணங்களும் உண்மையானவை என்பதால் அவர் இதுவரை எங்கும் மாட்டிக்கொண்டதில்லை.

நாலு டயருக்கான காரணங்கள் சுருக்கமானவை. டயர் மாற்றும்போது இரண்டு டயர் காசு மிச்சம். வண்டி அகலம் குறைவு. வாய்க்கால் மதகின்மேல் ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பார்த்து மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. வரப்பை அகலப்படுத்தித் தார் ஊற்றியதுபோல இருக்கும் கிராமச் சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும். பாரமில்லாமல் ஈர ரோட்டில் போகும்போது, இருக்கிற கொஞ்ச எடையும் இரண்டு டயரில் அழுத்தமாக விழுவதால் பிடிப்பு இருக்கும். அதே எடை நாலு டயரில் பங்கு போனால் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். முக்கியமாக, டயரில் காற்று இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும்.

இந்தக் கடைசிக் காரணத்தின் அருமை, ஆறு டயர் வண்டி வாங்கியவருக்குத்தான் தெரியும். இரட்டை டயரில் வெளி டயர் ஊர் பார்க்க நிற்கும். உள் டயர் யார் கண்ணிலும் படாது. உள் டயர் காற்றுப் போய்விட்டாலும் வண்டி சாயாது. வெளி டயர் இரண்டு பங்கு பாரத்தையும் தானே சுமந்துகொண்டு சூடேறிப் போய்க்கொண்டிருக்கும். அதற்காகத்தான் லாரிக்காரர்கள் கம்பியால் தட்டிப் பார்க்கிறார்கள். ஆலோசகர் இதில் கைதேர்ந்தவர். வண்டி கடை வாசலில் நின்றதும் இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று வருவார். வீல் ஸ்பேனரை வாங்கி வெளி டயரில் ஒரு தட்டு, துள்ளிக்கொண்டு திரும்பும். பிறகு குனிந்து, இடுக்கு வழியாகக் கையை விட்டு உள் டயரில் ஒரு தட்டு. தலையணையில் அடித்தது மாதிரி மந்தமாகக் கேட்டால் நிமிர்ந்து டிரைவரைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு டிரைவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஜாக்கியை எடுக்கத் தானாகவே போய்விடுவார். இரண்டு டயருக்கும் நடுவில் ஜல்லிக்கல் ஒன்று சிக்கியிருந்தால் அன்றைய நாள் இன்னும் விசேஷம். கடப்பாரை வரும், நாலு பேர் கூடுவார்கள், கல் வெளியே வந்ததும் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, இது நெடுஞ்சாலை வேகத்தில் தெறித்திருந்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அந்தக் கல்லைப் பத்திரமாக ரோட்டிலேயே திரும்பப் போடுவதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

ஆறு டயருக்கான காரணங்கள் இவ்வளவுக்குப் பிறகும் கனமாகவே நிற்கின்றன. பாரம் நாலு டயரில் பிரிவதால் ஒவ்வொன்றுக்கும் சிரமம் குறைவு. மூட்டைகளை உயர அடுக்கி வளைவில் திரும்பும்போது அகலமான பின்பக்கம் ஆட்டத்தைக் குறைக்கும். ஒரு டயர் வெடித்தாலும் ஜோடி டயர் தாங்கிக்கொள்ள, பக்கத்தில் ஒதுக்கி நிறுத்தும்வரை வண்டி பேச்சைக் கேட்கும். ஒற்றை டயரில் பாரத்தோடு வெடித்தால் வண்டி போவதுதான் வழி. நிபந்தனை ஒன்று உண்டு: ஜோடி டயர்கள் இரண்டும் ஒரே உயரம், ஒரே காற்று. புது டயருக்குப் பக்கத்தில் தேய்ந்த டயரை மாட்டினால், உயரமானது பாரத்தைச் சுமக்கும், குட்டையானது ரோட்டில் தேய்ந்துகொண்டே கூட வரும். கடைசியில் இரண்டுமே பாழ். இதற்கு ஆலோசகர் கூட்டுக்குடும்பத்து அண்ணன் தம்பிகளிடமிருந்து உதாரணம் சொல்வதுண்டு. உதாரணத்துக்கு உரியவர்கள் எதிர்க் கடையிலேயே உட்கார்ந்திருப்பதால் குரல் தணிந்திருக்கும்.

உண்மையில் இந்த வழக்கைத் தீர்ப்பது ஒரே கேள்வி. ஆலோசகருக்கும் அது தெரியும், டீ வந்த பிறகுதான் கேட்பார்: “எத்தனை மூட்டை ஏத்துவே?”

“ஒரு முப்பது மூட்டை மாமா.”

நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. முப்பது மூட்டை 1,200 கிலோ. தோஸ்த் மாதிரி ஒன்றேகால் டன் வண்டிக்கு அச்சு அசலாகப் பொருந்தும் கணக்கு. பொருந்துவதற்குக் காரணம், வாங்குகிறவர் வண்டியைத் தேர்ந்துவிட்டு மூட்டையைப் பிறகு எண்ணியதுதான். தை மாதம் சம்பா அறுப்பு நடக்கும்போது, மேகம் கருக்கிற சாயங்காலத்தில், களத்தில் கிடக்கிற நெல்லுக்குச் சொந்தக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும்போது முப்பதோடு நிறுத்துகிற மனிதர் டெல்டாவில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் சொன்ன எண்ணை ஆலோசகர் மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார். வரும் விடை எப்போதும் ஆறு டயர். அதை வெளியே சொல்ல மாட்டார், டோக்கன் போட்டாகிவிட்டது. கமான் பட்டை ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லி அனுப்பிவைப்பார். பட்டை தடித்ததால் டயரின் தாங்குதிறன் ஏறாது என்பதும் அவருக்குத் தெரிந்ததே.

இழுவை வண்டி என்று வந்துவிட்டால் பேச்சு டிராக்டருக்குப் போகும். அமெரிக்காவில் பிக்கப்பின் பின்னாலேயே வீடு, குதிரை, படகு எல்லாம் கோத்து இழுக்கிறார்கள். ஃபோர்டு எஃப்-350 என்ற ஒரே வண்டி ஒற்றைப் பின்சக்கரத்தோடும் கிடைக்கும், இரட்டையோடும் கிடைக்கும். அங்கே இருக்கும் உறவுக்காரப் பையன் அனுப்பிய வீடியோவில் இதைப் பார்த்த நாள் முதல் ஆலோசகர் தம்மை உலகளாவிய சர்ச்சையில் ஒரு தரப்பாகவே கருதி வருகிறார். இங்கே இழுப்பது டிராக்டர். கேள்வி டிரெய்லருக்கு இரண்டு சக்கரமா நாலு சக்கரமா என்று மாறும். இரண்டு சக்கர டிப்பரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் உட்காரும். களத்துச் சேற்றில் பிடிப்புக்கு அது நல்லது. அளவு மீறினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பியும் டிராக்டர் நேரே போகும். மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கும். நாலு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும், நூறு மூட்டை, அதாவது நாலு டன், சாதாரணம். ஆனால் அதைப் பின்னோக்கி எடுப்பது தனி வித்தை. கொக்கியில் ஒரு மடிப்பு, முன் அச்சில் இன்னொரு மடிப்பு என்று இரண்டு இடத்தில் திரும்புவதால், வலப்பக்கம் போகச் சொன்னால் யோசித்துவிட்டு இடப்பக்கம் போகும். அரசலாற்றங்கரையில் ஒருவர் இப்படி ரிவர்ஸ் எடுக்கும்போது பெஞ்சு காலியாகிவிடும். எல்லாரும் “ஒடி, ஒடி” என்று வழிகாட்டப் போயிருப்பார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேர் வெவ்வேறு திசையில் ஒடிக்கச் சொல்லுவதுதான் டிரெய்லர் வாய்க்காலில் இறங்குவதற்கு முதற்காரணம்.

இவ்வகையினரின் வரலாற்றில் உச்சம் 2023 ஆகஸ்ட். ஜி20 மாநாட்டுக்காகச் சுவாமிமலையில் எட்டு உலோகக் கலவையில் வார்த்த 27 அடி நடராஜர், சுமார் 18 டன் எடையோடு, சாலை வழியாகத் தில்லி பாரத மண்டபத்துக்குப் புறப்பட்டார். எந்த வண்டியில் ஏற்ற வேண்டும் என்று ஊர்ப் பெஞ்சுகளை யாரும் கேட்கவில்லை. பெஞ்சுகள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. கணக்கும் சுவையானது. 2018-ல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. சாதாரண ஆறு டயர் லாரிக்கு மொத்த எடை 16.2-லிருந்து 18.5 டன். இது லாரியின் சொந்த எடையையும் சேர்த்தது. ஆக, லாரி அரை டன்னுக்குள் இருந்தால்தான் அந்த நடராஜரை ஆறு டயரில் ஏற்ற முடியும். பல அச்சுகளில் பாரத்தைப் பரப்பும் டிரெய்லர் எதற்காக என்பது அன்று தெருவில் நின்ற சிறுவர்களுக்கும் விளங்கிற்று. ஆறு டயரே உலகத்தின் எல்லை இல்லை என்பது ஆலோசகருக்குச் சற்று வருத்தம். எல்லாம் ஜோடி டயராக இருந்ததில் சமாதானம் ஆனார்.

சட்டத்திலும் அவருக்குப் பயிற்சி உண்டு. சனி பகவானுக்கு அடுத்தபடியாக ஏழரையைப் பற்றி அதிகம் பேசப்படுவது அவர் பெஞ்சில்தான். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம், உரிமத்தில் தனிப் பதிவு வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 407 மாதிரி சிறிய ஆறு டயர் வண்டிகளும் இந்த வரம்புக்குள் அடங்கும். தீர்ப்பைத் தமக்குக் கிடைத்த நேரடி வெற்றியாகக் கொண்டு அன்று டீக்காசை ஆலோசகரே கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. டீக்கடைக்காரர் இதை உறுதிசெய்யவில்லை.

எதிர்த்தரப்பு இல்லாமல் இல்லை. திருவாரூர் ஆழித்தேரைக் காட்டி மடக்குவது அவர்கள் வழக்கம்: 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன், கீழே உருளுவது நாலே பெரிய சக்கரம், எல்லாம் ஒற்றை, திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் வேறு. ஆலோசகர் அசருவதில்லை. “வருஷத்துக்கு ஒரு தடவை ஓடுற வண்டிய வச்சு வாடகைக் கணக்குப் போடாதே. முட்டுக்கட்டை போடாம அத ஒரு மொனை திருப்பு, அப்புறம் பேசலாம்.” தாராசுரத்துக் கல் ரதத்தின் சக்கரத்தையும் சிலர் இழுப்பதுண்டு. அது எங்கேயும் போகாத வண்டி என்ற ஒரே பதிலில் அந்த வழக்கு தள்ளுபடி.

வண்டி வீட்டுக்கு வந்து, மாலை போட்டு, சுவாமிநாதன் சன்னதித் தெருவில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு ஆலோசகரின் வேலை குறைகிறது. மாதத் தவணை, இன்சூரன்ஸ், எஃப்சி என்று மிச்சமெல்லாம் வேறு நிபுணர்களின் துறை. மூன்றாண்டு கழித்து நாலு டயரை விற்று ஆறு டயர் எடுக்க அதே இளைஞர் வரும்போதும், ஆறு டயரைக் கட்டுப்படியாகாமல் விற்றுக் குட்டி யானைக்கு இறங்கும்போதும் அவரே துணைக்குப் போவார். கமிஷன் வாங்குவதில்லை. டயர் மாற்றுகிற நாளில் மட்டும் கழற்றிப் போட்ட மொட்டை டயர் ஒன்றை எக்ஸ்எல்லில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போவார். வைக்கோல் போரின்மேல் போட்ட தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க அது வேண்டும். ஆறு டயர் வண்டியில் ஒவ்வொரு தடவையும் இரண்டு டயர் கூடுதலாகக் கழலும் என்பதே அவருடைய கொள்கைக்கு அடிப்படை என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லிவருகிறார். அந்த டயர்களை அதுவரை தாம் எடுத்துக்கொண்டிருந்ததை அவர் சொல்வதில்லை.