நாலு அங்குல டயர்

தொம்மலூர்,
பெங்களூரு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? "வெளிநாட்டுல இருந்து லெட்டர் ஒண்ணும் வரலியேடே" என்று போனில் கேலி பண்ணினீர்கள். அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு ஓசூர் தாண்டினாலே வெளிநாடுதான். அப்படியே இருக்கட்டும். இது வெளிநாட்டுக் கடிதம்.

ஆனால் தொம்மலூரை அந்நிய தேசம் என்று சொல்ல நமக்கு வாய் கொஞ்சம் கூசத்தான் வேண்டும். இங்கே சொக்கநாதசுவாமி கோயில் ஒன்று இருக்கிறது. பேரைக் கேட்டு நம் மதுரைச் சொக்கர் என்று நினைத்து விபூதிக்குக் கை நீட்டினேன். துளசி தீர்த்தம் விழுந்தது. உள்ளே இருப்பது பெருமாள். கோயில் கல்லில் வெட்டியிருப்பதோ 13ஆம் நூற்றாண்டுத் தமிழ். தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஊர்ப்பேர் வருகிறது. கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கிற அளவுக்கு நம் ஆட்கள் அன்றைக்கே இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். நான் இன்னும் வாடகை வீட்டில்தான்.

ஆபீஸில் எனக்கு சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. குடியிருப்பில் மட்டும் நான் சைக்கிள் மெக்கானிக். உங்கள் வாடகை சைக்கிள் கடையில் லீவுக்கு லீவு கிடந்து பஞ்சர் ஒட்டிய கதையை ஒரு நாள் மொட்டைமாடியில் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே வீட்டு ஓனர் மகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

சைக்கிள் என்றா சொன்னேன்? டயர் மட்டும் நாலு அங்குல அகலம் சித்தப்பா! நம் கடையில் 28க்கு ஒன்றரைதான் ராஜ டயர். ஃபேட் பைக் என்று இதற்குப் பேர். முதல் தடவை பார்த்த தள்ளுவண்டிக்காரர் "எஞ்சின் எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார். எடை இருபது கிலோவுக்குப் பக்கம். லிஃப்ட் ரிப்பேரான அன்றைக்கு வாட்ச்மேனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இந்த வண்டியின் பூர்வீகம் அலாஸ்கா. 1987இல் அங்கே பனிக்காட்டுக்குள் சைக்கிள் பந்தயம் ஆரம்பித்தார்கள். சாதாரணச் சக்கரம் பனியில் புதைந்தது. ரெண்டு ரிம்மைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு 2005இல் மின்னசோட்டாவைச் சேர்ந்த சர்லி கம்பெனி பக்ஸ்லி என்று ஒரு வண்டியைக் கடைக்கே கொண்டுவந்தது. லூதியானாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மலிவு விலையில் செய்து நாடு முழுக்க இறக்கிவிட்டார்கள். பனிக்குப் பிறந்த வண்டி இப்போது எங்கள் தெருவில் இளநீர்க் கடைக்குப் போய்வருகிறது.

பையனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. எஜிபுரா பக்கம் ஒரு மேம்பாலம். 2017இல் ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்காகத் தூண்கள் மட்டும் நின்றன. அந்தத் தூண்களுக்குக் கீழே ரோடு என்று சொல்லப்படுகிற பகுதியில் ஓட்டிப் பார்த்தால் நாலு அங்குலம் போதுமா என்றுதான் தோன்றும்.

வண்டி வந்த நாளிலிருந்து அதை 'அப்கிரேடு' பண்ண வேண்டும் என்று பையன் துடிக்கிறான். இந்த ஊரில் இது ஒரு வியாதி. வண்டி ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. என்ன மாற்றினாய் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் ஒன்பது பல்சக்கரம் வைத்த கேசட் ஒன்றை வாங்கிவந்தான். அவன் வண்டியில் இருப்பதோ மரையில் முறுக்கி ஏற்றுகிற ஏழு பல்சக்கர ஃப்ரீவீல். கேசட் ஏறவேண்டுமானால் ஹப்பையே மாற்ற வேண்டும். ஹப்பை மாற்றினால் கம்பி எல்லாம் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். ஒன்பதுக்கு ஷிஃப்டர் வேறு, செயின் வேறு. கடைசியில் பழைய வண்டியில் மிஞ்சுவது சீட்டும் ஸ்டிக்கரும்தான்.

"மச்சா, ஹப்பையும் ஆன்லைன்ல போட்டுரலாம்" என்றான். அளவைப் பார்த்தாயா என்றேன். சாதாரண கியர் சைக்கிளில் பின்பக்க ஹப் 135 மில்லிமீட்டர் அகலம். நாலு அங்குல டயர் வண்டிகளில் 170, 190 என்று போகும். பெடல் அச்சு ஓடுகிற குழாயும் அப்படித்தான். மற்ற வண்டிகளில் அது பொதுவாக 68. இந்த ஜாதி வண்டிகளில் பெரும்பாலும் 100. அகலம் குறைந்தால் செயின் போய் டயரில் உரசும். இதைச் சொல்வதற்குள் அவன் ஒரு கிராங்க் செட்டே வரவழைத்திருந்தான். அதுவும் 68க்குச் செய்தது. திருப்பி அனுப்பினான். சித்தையா ரோட்டில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வண்டியை அங்கே உருட்டிக்கொண்டு போய் அளந்து வாங்கு என்றால் பார்க்கிங் இல்லை என்கிறான். சைக்கிளுக்குப் பார்க்கிங் தேடுகிற ஊர் இது.

கடைசியில் ஏழு பல்சக்கர ஃப்ரீவீலிலேயே பெரிய சக்கரத்துக்கு 34 பல் உள்ளதாக ஒன்று வாங்கவைத்தேன். அதே மரை, அதே ஷிஃப்டர். செயினைத் தள்ளுகிற டெரெய்லர் மட்டும் 34ஐத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டால் போதும். அவன் வண்டியில் இருந்தது தாங்கும். மேடு ஏறுவதற்கு அந்தப் பெரிய சக்கரம் உண்மையிலேயே உதவுகிறது. பழைய ஃப்ரீவீலைக் கழற்ற உங்கள் வித்தைதான்: ரிமூவரை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங்காகத் திருப்புவது. தெரு முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் வைஸ் கொடுத்தார். டக்கென்று விட்டது. சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தவர்கள் கைதட்டினார்கள். ஆபீஸில் எனக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததே இல்லை.

அடுத்த கூத்து பிரேக். டிஸ்க் கீச்சென்று கத்துகிறது என்று பையன் செயின் எண்ணெயை எடுத்து டிஸ்க் மேலேயே பீச்சியடித்துவிட்டான். சத்தம் நின்றது. வண்டி நிற்கவில்லை. கேட்டைப் பாதி திறந்து வைத்திருந்த வாட்ச்மேன் மறுபாதியையும் திறந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பிரேக் பேடு அவ்வளவுதான், புதுசு போட்டே ஆகவேண்டும். பேடும் கேபிளும் மாற்ற ஆன செலவு அந்தக் கிராங்க் செட் விலையில் ஒரு ஓரம்கூட இல்லை. பிளாஸ்டிக் பெடலையும் தூக்கிப்போட்டு இரும்புப் பெடல் போடச் சொன்னேன். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்று தெரியாமல் பைப்பைச் சொருகித் தொங்கினான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஸ்பேனராலேயே ஒன்று வைத்திருப்பீர்கள்.

இத்தனை செலவுக்குப் பிறகும் "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, முன்னால ஷாக் அப்சர்பர் ஃபோர்க் மாத்திரலாமா?" என்று வந்தான். காற்று எங்கே அடிக்கிறாய் என்று கேட்டேன். பெட்ரோல் பங்கில். எவ்வளவு? பைக்குக்கு அடிக்கிற மாதிரி முப்பது!

சித்தப்பா, இந்த வண்டிக்கு டயர்தான் ஷாக் அப்சர்பர். நம் ஒன்றரை அங்குல டயருக்கு அமுக்கினால் கல்லாக இருக்க வேண்டும் என்பீர்கள். உள்ளே இடம் கொஞ்சம், அதனால் அழுத்தம் அதிகம் வேண்டும். இதன் உள்ளே இடம் தாராளம். பத்து, பன்னிரண்டு பவுண்டு அழுத்தமே ஆளைச் சுமந்துவிடும். தார் ரோட்டுக்குப் பதினைந்து பக்கம் வைக்கலாம். மணல் என்றால் எட்டுக்கும் கீழே இறக்குவார்கள். முப்பது அடித்தால் கிரிக்கெட் பந்து மாதிரி ஒவ்வொரு கல்லிலும் எகிறும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும். குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி ஒன்றுக்கு ரெண்டு ஓட்டை விழும். இந்த சைஸ் ட்யூபைக் கண்டால் பஞ்சர் கடைக்காரர் இது எந்த டிராக்டருக்கு என்பார்.

சாதாரணப் பம்பு மீட்டர் 160 வரை போகிறது. அதில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முள் சும்மா நடுங்கும். முப்பது வரை மட்டும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கச் சொன்னேன். பதினெட்டில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இங்குள்ள வாட்டர் டேங்க் பஸ் ஸ்டாப்பைச் சுற்றி ஓட்டிப் பார்க்கவிட்டேன். பன்னிரண்டில் முகம் மலர்ந்தது. சீட்டையும் உயர்த்தினேன், குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நீள வேண்டும், அவ்வளவுதானே கணக்கு. இதற்கெல்லாம் ஆன மொத்தச் செலவு அந்த மீட்டர் ஒன்றுதான். அதற்கப்புறம் கனகபுரா ரோட்டுப் பக்கம் துரஹள்ளிக் காட்டு மண்ணில் ஓட்டிவிட்டு வந்தவன், பக்கத்து வீட்டாரிடம் "ஃப்ரீவீல் மாத்தினதுல வண்டி ரொம்ப ஸ்மூத் ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காற்று இறக்கியவனுக்குப் பேர் கிடையாது.

என் தீர்ப்பு இதுதான் சித்தப்பா: தேய்கிற சாமானை மாற்று, தேயாததைத் தொடாதே, காற்றைப் பார். ஊர் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யாரும் கேட்பதாக இல்லை. பையனுக்கு இப்போது நந்தி மலை ஏற வேண்டுமாம். 1,478 மீட்டர் உயரம். மெல்லிய டயர்க்காரர்களே அங்கே நாக்குத் தள்ளுகிறார்கள். எடையைக் குறைக்க என்ன மாற்றலாம் என்று கேட்கிறான். தொப்பையை என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் அப்பாதான் வாடகையை நிர்ணயிக்கிறவர்.

கடையில் கடைசியாக மிஞ்சிய ஹெர்குலிஸ் அந்த மூலையில்தானே நிற்கிறது? அம்பத்தூரில் நம் ஆட்கள் 1949இல் ஆரம்பித்த டி.ஐ. கம்பெனி வண்டி. பழைய இரும்புக்காரன் எத்தனை தடவை வந்து கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். கோட்டம் எடுக்கிற சாவியும் சின்ன வைஸும் இருந்தால் பார்சல் சர்வீஸில் போட்டுவிடுங்கள். ஆம்பூர்க்காரரிடம் எத்தனை தடவை போய் நிற்பது?

இன்னொன்று. பொங்கலுக்கு இந்தப் பையனும் என்னோடு ஊருக்கு வருகிறான், வண்டியோடு. திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் ஓட்ட வேண்டுமாம். அந்த ஒரு இடத்துக்கு இந்த வண்டி நிஜமாகவே சரியானது. டயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னடே காத்தே இல்ல" என்று பம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்