அட்டைக்கு ஒரு சர்ஜன்

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்: கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு, வாசலில் காத்திருப்பவர்களுக்கு வழவழத்துப்போன மர பெஞ்சு. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்களுக்கு வாய்த்த சர்ஜன், வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்தே குடல்வாலா வாய்வா என்று சொல்லிவிடுவார், தையல் பிரிக்கும் வரை ஆஸ்பத்திரியே குடும்பமாகிவிடும், பக்கத்துக் கட்டில்காரரின் ரசம் நமக்கும் நம் வீட்டுக் கஞ்சி அவருக்கும் போகும், ராத்திரி பத்து மணிக்கு டாக்டர் வேட்டியோடு இறங்கி வந்து “தூக்கம் வருதா?” என்று கேட்டுவிட்டுப் போனால் பாதி வலி அப்போதே போய்விடும்.

அந்த நாளைய அருமையைச் சொல்லும்போது, அடகுக்கடைக்குப் போன அம்மாவின் சங்கிலியையும் சொல்லத்தான் வேண்டும். “நெல்லு வித்துக் குடுங்க” என்று அவரே தவணை தந்தாலும், மருந்துக்கும் ரத்தத்துக்கும் அன்றே காசு வேண்டியிருந்தது, அந்தச் சங்கிலி திரும்பி வரவேயில்லை.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்து, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறதென்றால், அம்மா அதைக் கதை என்றே நினைத்திருப்பாள். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் புகைப்படமும் கைரேகையும் கொடுத்து காப்பீட்டு அட்டையை வாங்கிவிடுகிறோம். அதன்பிறகு பித்தப்பையில் கல் என்றால்தான், அந்த அட்டையை வாங்கிக்கொள்ளும் சர்ஜனைத் தேடத் தொடங்குகிறோம். உள்ளூர் நர்சிங் ஹோம் திட்டத்தின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரியோ இதயத்துக்கு உண்டு, வயிற்றுக்கு இல்லை என்கிறது. கடைசியில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஸ்கேன் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் ஏறி, அனுமதி வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. மூன்று சின்னத் துளை, சீக்கிரமே வீடு. ரசம் மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை.

சங்கிலி கழுத்திலேயே இருப்பதற்காக அந்த அட்டையைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கூலிவேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வருகிறவரின் பஸ் காசையும் சாப்பாட்டையும் அட்டை கொடுப்பதில்லை. சின்ன ஊரில் ஆபரேஷன் தியேட்டர் வைத்து நடத்தும் சர்ஜனுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தை, தாமதமில்லாமல் கொடுத்து, அவரையும் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டால், நம் பிள்ளைகளுக்கு அந்த மர பெஞ்சும் கிடைக்கும், சங்கிலியும் தங்கும்.